வெற்றி எவருடையது? – குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

விளையாட்டு வீரர் ஒருவரது வாழ்க்கையை வரலாற்றாய்வுக்குரிய பொருளாகக் கொள்வதற்கு ஆய்வாளர் பெரும்பாலும் தயங்குவர். குத்துச்சண்டையைப் பொறுத்தவரை இத்தயக்கம் இருமடங்காகும். பணத்துக்காக இரு மனிதர் ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தும் தொழிலொன்றிலே சிந்தனைக்குரியது யாதுளது என்ற வினா நியாயமானதே. ஆயினும், அரசியல் மேடையோ, பயன்தரும் வாக்குரிமையோ, நீதிமன்றத்திலே சமத்துவமோ மறுக்கப்பட்ட மக்கள் தமது நம்பிக்கைகளை எங்கே கொண்டு சென்று வைக்கின்றனர் என்பது சமூக வரலாற்றின் மையமான வினாக்களுள் ஒன்றாகும். 1930களில் ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களுட் பெருந்தொகையினர் அந்நம்பிக்கையை ஜோ லூயிஸ் என்ற ஒரு மனிதரின் இரு கைகளில் வைத்தனர்.

லூயிஸ் 1937 முதல் 1949 வரை, பதினோராண்டும் எட்டு மாதமும், பாரஎடைப் பிரிவின் உலகப் பட்டத்தைத் தொடர்ச்சியாகத் தம்மிடம் வைத்திருந்தார். 25 தடவை அதனைக் காத்துக்கொண்டார். ஆயின் சாதனைகளைத் தொகுத்துக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் எழுப்ப விரும்பும் வினாக்கள் வேறு. அவ்வெற்றிகள் எவருக்கு உரியனவாயின? அவற்றின் விலையைச் செலுத்தியவர் யார்?

நிறக்கோடு

லூயிஸை விளங்கிக்கொள்வதற்கு அவருக்கு முற்பட்ட ஒருவரிலிருந்து தொடங்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, பாரஎடைப் பிரிவின் வெள்ளையின வீரர்கள் கறுப்பினத்தவருடன் பட்டத்துக்காக மோதுவதில்லை என்பதை வெளிப்படையான கொள்கையாகவே கொண்டிருந்தனர். இது 'நிறக்கோடு' எனப்பட்டது. 1908 டிசெம்பர் 26ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே ரொமி பேர்ன்ஸை வென்று அக்கோட்டைக் கடந்தவர் ஜாக் ஜோன்சன். வெள்ளையினத்தின் மானத்தை மீட்பதற்கென ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்ட ஜேம்ஸ் ஜெவ்ரீஸை அவர் 1910 ஜூலை 4ஆம் திகதி நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரிலே தோற்கடித்தபோது, நாட்டின் பல நகரங்களிலே கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். இரண்டாண்டுகளின் பின், குத்துச்சண்டைத் திரைப்படங்களை மாநிலத்துக்கு மாநிலம் கொண்டுசெல்வதைத் தடைசெய்யும் சட்டமொன்றை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. வெள்ளையர் ஒருவர் வீழ்வதைக் கறுப்பினத்தவர் காண்பது பொது அமைதிக்கு ஊறு எனக் கருதப்பட்டது போலும்.

ஜோன்சன் பணிந்து நடப்பவரல்லர். விலையுயர்ந்த மோட்டார் வண்டிகளிற் சென்றார். எதிராளியைப் பார்த்து நகைத்தார். வெள்ளையினப் பெண்களை மணந்தார். அக்காலத்துச் சமூகம் இதனை மன்னிக்கவில்லை. பெண்களை ஒழுக்கக்கேடான நோக்கத்துடன் மாநில எல்லை கடத்துவதைத் தடுக்கவென இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் 1913இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். நாட்டை விட்டு வெளியேறினார். 1915இல் ஹவானாவில் ஜெஸ் வில்லாட்டிடம் பட்டத்தை இழந்தார். 1920இல் திரும்பிவந்து சிறை சென்றார். 1946இல் மறைந்த அவருக்கு அமெரிக்க அரசு மன்னிப்பு வழங்கியது 2018ஆம் ஆண்டிலேயே.

ஜோன்சனின் தோல்விக்குப் பின்னர் 22 ஆண்டுகளாக எந்தக் கறுப்பின வீரருக்கும் அப்பிரிவின் உலகப் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. ஹரி வில்ஸ் போன்ற ஆற்றல்மிக்க வீரர் வாய்ப்புக்காகக் காத்திருந்தே முதுமையடைந்தனர். நிறக்கோடு சட்டநூலில் எழுதப்பட்டதன்று. சந்தையிலும் பழக்கத்திலும் எழுதப்பட்டிருந்தது. அதனாலேயே அதனை அழிப்பது கடினமாயிற்று.

பருத்தி வயலும் மோட்டார் ஆலையும்

ஜோசப் லூயிஸ் பாரோ 1914 மே 13ஆம் திகதி அலபாமா மாநிலத்தின் சேம்பர்ஸ் மாவட்டத்திலே, பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர்செய்த குடும்பமொன்றிலே, எண்மருள் ஏழாவது பிள்ளையாகப் பிறந்தார். தாய் தந்தையர் இருவரும் முன்னாள் அடிமைகளின் பிள்ளைகள். சட்டப்படி அடிமைமுறை ஒழிந்து அரை நூற்றாண்டு கழிந்திருந்தபோதும், நிலம் கைமாறவில்லை. விதையையும் உணவையும் கடனாகப் பெற்று, அறுவடையின் பின் கணக்குப் பார்க்கையில் மீண்டும் கடனாளியாகவே நிற்கும் வாரக்குடி முறை, அடிமைமுறையின் உள்ளடக்கத்தைப் புதிய வடிவத்திலே தொடர்ந்தது எனலாம். தந்தையார் மனநோய் விடுதியொன்றிலே சேர்க்கப்பட்டார். தாயார் லில்லி மறுமணம் செய்து, 1926இல் குடும்பத்துடன் வடக்கேயுள்ள டெற்றோயிற் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

இக்குடிப்பெயர்வு ஒரு குடும்பத்தின் தனிக்கதையன்று. முதலாம் உலகப்போர்க் காலந்தொட்டு இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் தென்மாநிலங்களின் பருத்தி வயல்களை விட்டு வடநகரங்களின் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர். வாரக்குடியின் மகன் ஆலைத் தொழிலாளியானான். லூயிஸும் சிலகாலம் ஃபோர்ட் நிறுவனத்தின் மோட்டார் ஆலையிலே வேலை செய்தார். மகன் வயலின் பயிலவேண்டுமென்று தாயார் கொடுத்த பணத்தை அவர் பிறூஸ்ரர் பொழுதுபோக்கு நிலையத்திலே குத்துச்சண்டை பயில்வதற்குச் செலவிட்டார் என்ற செய்தி பிரசித்தமானது. நாம் கவனிக்கவேண்டியது, பொருளாதாரப் பெருமந்தத்தின் கொடிய ஆண்டுகளிலே ஒரு தொழிலாளிச் சிறுவனின் முன் திறந்திருந்த வாயில்கள் எத்துணைச் சில என்பதையேயாம்.

1934இல் தொழில்சாரா வீரருக்கான தேசிய பட்டத்தை வென்ற அவர், அதே ஆண்டு ஜூலை 4ஆம் திகதி சிக்காகோவிலே தொழில்முறை வீரராக அறிமுகமானார். அவரது முகாமையாளர் ஜோன் றொக்ஸ்பரோ, ஜூலியன் பிளாக் ஆகிய இருவரும், பயிற்சியாளர் ஜாக் பிளாக்பேர்னும் கறுப்பினத்தவர். றொக்ஸ்பரோ டெற்றோயிற்றின் எண்சூதாட்டத் தொழிலிற் பொருளீட்டியவர். வங்கிகளும் பெருவணிகமும் கதவடைத்த சமூகமொன்றிலே முதலீட்டுக்கான பணம் இத்தகைய வழிகளிலேயே திரண்டது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

நடத்தையின் விலை

ஜோன்சனின் கதை அம்மூவரின் நினைவிலும் பசுமையாக இருந்தது. எனவே லூயிஸுக்கென நடத்தை விதிகள் வகுக்கப்பட்டன. வெள்ளையினப் பெண்ணுடன் புகைப்படம் எடுத்துக்கொள்ளலாகாது. இரவு விடுதிக்குத் தனியே செல்லலாகாது. வீழ்ந்த எதிராளியை இகழலாகாது. புகைப்படக் கருவியின் முன்னர் முகத்திலே உணர்ச்சி காட்டலாகாது. முன்கூட்டியே முடிவு பேசிய சண்டையில் இறங்கலாகாது. இவ்விதிகளுட் சில எந்த வீரருக்கும் பெருமை தருவன. ஏனையவற்றின் பொருள் வேறு. வெள்ளையினச் சமூகம் அஞ்சாத வகையிலே வெற்றி பெறுவதெப்படி என்பதே அவற்றின் சாரம். மகிழ்ச்சியைக் காட்டாத வெற்றியே லூயிஸுக்கு அனுமதிக்கப்பட்டது.

இவ்வளவு அடக்கத்துக்குப் பின்னரும் பத்திரிகைகள் பல அவரைக் காட்டு விலங்கோடு ஒப்பிட்டே எழுதின. சில அவரைச் சோம்பேறியாகவும் அறிவு மந்தமானவராகவும் சித்திரித்தன. நற்சொல் கூறியோரும் 'தம் இனத்துக்குப் பெருமை சேர்ப்பவர்' என்றனர். புகழ்ச்சியாகத் தோன்றும் இத்தொடர், அவ்வினம் பெருமைக்குரியதன்று என்ற முற்கோளைத் தன்னுள்ளே கொண்டிருந்ததை நாம் காணத் தவறலாகாது.

நிறக்கோடு இறுதியிலே தளர்ந்தமைக்கு நல்லெண்ணம் மட்டும் காரணமன்று. பெருமந்தத்தால் நலிந்திருந்த குத்துச்சண்டைத் தொழிலுக்குக் கூட்டம் சேர்க்கும் ஒருவர் தேவைப்பட்டார். நியூயோர்க்கின் போட்டி அமைப்பாளர் மைக் ஜேக்கப்ஸ் அவ்வொருவரை லூயிஸிற் கண்டார். பட்டத்தை வைத்திருந்த ஜேம்ஸ் பிரடொக்கின் தரப்பினர், லூயிஸுடன் மோதச் சம்மதிப்பதற்கு ஈடாக, ஜேக்கப்ஸ் அடுத்த பத்தாண்டுகளில் பாரஎடைப் பட்டப் போட்டிகளால் ஈட்டும் இலாபத்திற் பத்திலொரு பங்கைக் கேட்டுப் பெற்றனர். 1937 ஜூன் 22ஆம் திகதி சிக்காகோவிலே எட்டாஞ் சுற்றிற் பிரடொக்கை வீழ்த்தி லூயிஸ் பட்டம் பெற்றார். வீழ்ந்தவரும் இலாபத்திற் பங்காளியாகும் ஒப்பந்தத்தின் மீதே அவ்வரலாற்று வெற்றி நிகழ்ந்தது.

மக்களின் மகிழ்ச்சியும் அரசின் தேவையும்

பட்டம் பெறுவதற்கு முன்னரே லூயிஸ் ஒரு குறியீடாகிவிட்டார். 1935 ஜூன் மாதம், முசோலினி எத்தியோப்பியாவின் மீது படையெடுக்க ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த வேளையில், இத்தாலியரான பிறிமோ கானேராவை அவர் யாங்கி விளையாட்டரங்கிலே வென்றார். ஆபிரிக்காவின் சுதந்திர நாடொன்றின் விதியைப் பற்றிக் கவலையுற்றிருந்த ஹார்லெம் பகுதி மக்களுக்கு அவ்வெற்றியின் பொருள் விளக்கமின்றியே விளங்கிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் அவர் மக்ஸ் பேயரை வென்ற இரவிலே, சிக்காகோவின் தென்பகுதி வீதிகளிற் கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கிலே திரண்டு ஆடிப்பாடினர். அதனை நேரிற் கண்ட எழுத்தாளர் றிச்சட் றைற், இடதுசாரிச் சஞ்சிகையான 'நியூ மாசஸ்' இதழிலே அதுபற்றி எழுதினார். அடக்கிவைக்கப்பட்ட பெரும் ஆற்றலொன்று அவ்விரவில் வெளிப்பட்டதாகவும், அதனை நெறிப்படுத்துவது முற்போக்காளர் முன்னுள்ள பணி என்றும் அவர் கண்டார். விளையாட்டு மக்களை மயக்கும் அபின் என்று எளிதாகக் கூறிவிடுவோர், றைற்றின் இவ்வவதானிப்பை எண்ணிப்பார்த்தல் நன்று.

1936 ஜூன் 19ஆம் திகதி ஜேர்மனியரான மக்ஸ் ஷ்மெலிங், பன்னிரண்டாஞ் சுற்றிலே லூயிஸை வீழ்த்தினார். நாசி அரசு அதனை ஆரிய இனத்தின் வெற்றியாகப் பறைசாற்றியது. சண்டையின் படச்சுருள் ஜேர்மன் திரையரங்குகளிலே காட்டப்பட்டது. ஷ்மெலிங் நாசிக் கட்சி உறுப்பினரல்லர். அவருடைய அமெரிக்க முகாமையாளர் யூதர். 1938 நவம்பரில் யூதர் வேட்டையாடப்பட்ட நாட்களிலே இரு யூதச் சிறுவர்க்கு அவர் தமது இருப்பிடத்திற் புகலிடம் அளித்தார். ஆயின் குறியீடாக்கப்பட்ட மனிதனின் சொந்த எண்ணத்தை எவரும் கேட்பதில்லை. இவ்விதி லூயிஸுக்கும் ஷ்மெலிங்குக்கும் பொதுவானது.

இருவரும் 1938 ஜூன் 22ஆம் திகதி மீண்டும் மோதினர். யாங்கி அரங்கிலே ஏறத்தாழ 70,000 பேர் கூடினர். வானொலியருகே கோடிக்கணக்கானோர் காத்திருந்தனர். சண்டை முதற் சுற்றின் இரண்டு நிமிடமும் நான்கு விநாடியுமே நீடித்தது. மும்முறை தரையில் வீழ்ந்த ஷ்மெலிங் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஒரு கறுப்பின மனிதரின் வெற்றியை வெள்ளையின அமெரிக்கா தன் வெற்றியாகக் கொண்டாடியது. அத்துணை விரிவாக அதற்கு முன்னர் அது நிகழ்ந்ததில்லை. சனநாயகம் பாசிசத்தை வென்றதெனப் பேசப்பட்டது.

இவ்விடத்து அதே ஆண்டின் வேறொரு நிகழ்ச்சியையும் நோக்குதல் அவசியம். கறுப்பின மக்களைக் கும்பல்கள் விசாரணையின்றிக் கொல்வதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் மசோதா 1938 ஜனவரியில் அமெரிக்க செனற் சபையின் முன்னிருந்தது. தென்மாநில உறுப்பினர் வாரக்கணக்கில் ஓயாது பேசிக் காலங்கடத்தினர். பெப்ரவரியில் அம்மசோதா கைவிடப்பட்டது. லூயிஸின் கைகளைத் தனதென உரிமை பாராட்டிய அரசு, அவருடைய இனத்தவரின் உயிரைக் காக்கும் சட்டமொன்றை நான்கு மாதங்களுக்கு முன்னரே கைநழுவவிட்டிருந்தது. அத்தகைய சட்டம் இறுதியாக நிறைவேறியது 2022 மார்ச் மாதத்திலாகும். அதற்கிடையிற் கழிந்தவை 84 ஆண்டுகள்.

சீருடை

1941 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்கா போரில் இறங்கியது. 1942 ஜனவரி 9ஆம் திகதி லூயிஸ் படி பேயருடன் மோதித் தமக்குரிய பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தார். மார்ச் மாதம் ஏப் சைமனுடன் மோதிப் பெற்றதைத் தரைப்படை நிவாரண நிதிக்கு அளித்தார். இவ்விரு போட்டிகளிலும் அவர் துறந்த தொகை எண்பதாயிரம் டொலருக்கு மேற்பட்டது. அக்கடற்படை அப்போது கறுப்பினத்தவரை உணவு பரிமாறும் பணியாளராக மட்டுமே சேர்த்து வந்தது. அதற்கு எவ்வாறு உதவலாம் எனக் கறுப்பினப் பத்திரிகைகளிற் கேள்வி எழுந்தது. அமெரிக்காவிற் குறைகள் பல உண்டு, ஆயின் ஹிற்லர் அவற்றைத் தீர்க்கப்போவதில்லை என்ற பொருள்பட லூயிஸ் கூறியதாகச் சொல்லப்படும் விடை பலராலும் எடுத்தாளப்படுவது. அவ்விடையிலே அடிமை மனப்பான்மையை மட்டும் காண்பது பொருந்தாது. பாசிசத்துக்கெதிரான போரையும் உள்நாட்டு இனஒதுக்கலுக்கெதிரான போராட்டத்தையும் ஒருங்கே நடத்தவேண்டியிருந்த ஒரு தலைமுறையின் இக்கட்டு அதிலே தொனிக்கின்றது.

சாதாரண படைவீரராகச் சேர்ந்த அவர், ஏறத்தாழ இருபது இலட்சம் படைவீரர் முன்னிலையில் 96 காட்சிப் போட்டிகளை நடத்தினார். கன்சாஸ் மாநிலத்தின் ரைலி முகாமிலே கறுப்பினத்தவர் அதிகாரிப் பயிற்சிக்கு எடுக்கப்படாததை அறிந்து, போர்த் திணைக்களத்தில் ஆலோசகராயிருந்த ட்ரூமன் கிப்சனிடம் அதனைக் கொண்டுசென்றார். பயன்பெற்றோருள் ஒருவர், பின்னர் 1947இல் உயர்மட்டப் பேஸ்போல் விளையாட்டின் நிறத்தடையை உடைத்த ஜக்கி றொபின்சன். 1944இல் அலபாமாவின் இராணுவ முகாமொன்றிலே, வெள்ளையருக்கென ஒதுக்கிய பேருந்து நிலையப் பகுதியை விட்டு அகல மறுத்தமைக்காக லூயிஸும் அவருடனிருந்த வீரர் சுகர் றே றொபின்சனும் இராணுவப் பொலிஸாரால் தடுத்துவைக்கப்பட்டனர். 1943 ஜூன் மாதம் அவர் வளர்ந்த டெற்றோயிற் நகரிலே நிகழ்ந்த இனக்கலவரத்தில் இறந்த 34 பேருள் 25 பேர் கறுப்பினத்தவர். படையில் இனஒதுக்கலை நீக்கும் ஆணை 1948 ஜூலையிலேயே வந்தது. லூயிஸ் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே சீருடையைக் களைந்துவிட்டார்.

கடன்

போரிலிருந்து மீண்ட லூயிஸ் 1946 ஜூன் மாதம் பில்லி கொன்னை எதிர்த்துத் தமது வாழ்நாளின் மிகப் பெரிய தொகையான ஆறு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பணத்தை ஈட்டினார். அப்பணத்தின் பெரும்பகுதி அவர் கைக்கு வருமுன்னரே பங்கிடப்பட்டிருந்தது. முகாமையாளருக்குரிய பங்கு ஒருபுறம். படையிலிருந்த காலத்தில் ஜேக்கப்ஸிடம் வாங்கிய கடன் மறுபுறம். போர்க்கால வரிவிகிதங்கள் மற்றொருபுறம். அவர் கணக்கறியாது கொடுத்தவர், தமது பழைய நகரசபை பெற்ற உதவிப்பணத்தைக்கூடத் திருப்பிச் செலுத்தியவர், வீண்செலவும் செய்தவர். இக்குறைகளை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயின் கடனின் பெருக்கத்துக்கு அவை மட்டும் போதிய விளக்கமாகா. நிவாரண நிதிகளுக்கு வழங்கிய பணமும் அவரது வரிக்குரிய வருமானமாகவே கணிக்கப்பட்டது. 1950களின் தொடக்கத்திலே ஐந்து இலட்சம் டொலரைத் தாண்டியிருந்த வரிப்பாக்கி, வட்டி ஏறி, அத்தசாப்தத்தின் நடுப்பகுதியிற் பத்து இலட்சத்தைக் கடந்தது. 1953இல் மறைந்த தாயார் அவருக்கென விட்டுச் சென்ற சில நூறு டொலரையும் வரி அதிகாரிகள் எடுத்துக்கொண்டனர்.

அறுவடையின் பின் கணக்குப் பார்க்கையிற் கடனாளியாக நின்ற அலபாமா வாரக்குடியை இங்கு நாம் நினைவுகூர்கின்றோம். அவருடைய மகன் உலகையே வென்றார். கணக்கு மட்டும் மாறவில்லை. முழு வாழ்நாளிலும் ஏறத்தாழ 46 இலட்சம் டொலர் ஈட்டிய அவருக்குக் கிடைத்தது எட்டு இலட்சமளவே என மதிப்பிடப்படுகிறது. உழைப்பவனது உடலே உற்பத்திக் கருவியாகவுள்ள தொழிலிலே, அக்கருவியும் தேய்ந்துகொண்டே செல்லும். 1949 மார்ச் மாதம் ஓய்வு அறிவித்த லூயிஸ், கடனுக்காக மீண்டும் மேடையேறினார். 1950இல் எஸார்ட் சாள்ஸிடம் தோற்றார். 1951 ஒக்டோபர் 26ஆம் திகதி இளைஞரான றொக்கி மார்சியானோ எட்டாஞ் சுற்றிலே அவரை வீழ்த்தினார். 1956இல் அவர் மல்யுத்தக் காட்சிகளிலே தோன்றினார். 1960களில் வரித் திணைக்களம் இறங்கிவந்து, நடப்பு வருமானத்துக்கு மட்டும் வரி செலுத்த அவரை அனுமதித்தது. இறுதி ஆண்டுகளில் நோயுற்ற நிலையில், லாஸ் வேகாஸின் சூதாட்ட விடுதியொன்றிலே விருந்தினரைக் கைகுலுக்கி வரவேற்பது அவர் தொழிலாயிற்று.

முடிவுரை

1967இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்த முகமது அலியின் தலைமுறைக்கு லூயிஸ் பணிந்து போனவராகத் தோன்றினார். அலியே அவரைக் கடுஞ்சொல்லாற் சாடினார். லூயிஸும் அலியின் முடிவை ஏற்கவில்லை. ஆயின் ஜோன்சன், லூயிஸ், அலி ஆகிய மூவரையும் குணவேறுபாட்டால் மட்டும் அளப்பது வரலாற்று நோக்காகாது. ஜோன்சன் தனித்து நின்று மீறினார். அவர் பின்னால் இயக்கம் இருக்கவில்லை. அலி மறுத்தபோது குடியுரிமை இயக்கமும் போரெதிர்ப்பு இயக்கமும் அவர் பின்னால் இருந்தன. இடையில் நின்ற லூயிஸ், அவ்வியக்கங்கள் பெருவடிவு பெறுவதற்கு முந்திய காலத்தின் முழுச் சுமையையும் தமது மௌனத்திலே தாங்கினார். அவர் திறந்த கதவாலேயே பின்வந்தோர் உரத்துப் பேசிக்கொண்டு நுழைந்தனர்.

லூயிஸ் 1981 ஏப்ரல் 12ஆம் திகதி காலமானார். ஆர்லிங்ரன் தேசிய மயானத்திலே, சனாதிபதியின் சிறப்பு அனுமதியுடன், இராணுவ மரியாதையோடு அடக்கஞ் செய்யப்பட்டார். அச்செலவுக்கு உதவியோருள் ஒருவர் மக்ஸ் ஷ்மெலிங். 1986இல் டெற்றோயிற் நகரின் மையத்திலே அவருக்கு நினைவுச்சின்னம் ஒன்று நிறுவப்பட்டது. இருபத்துநான்கு அடி நீளமான வெண்கலக் கை. அதன் முனையில் இறுக மூடிய முட்டி. முகமில்லை, உடலில்லை.

அச்சிற்பத்தை எதிர்ப்பின் சின்னமாகக் காண்போர் பலர், அது நியாயமானதே. நாம் அதில் இன்னொன்றையும் காண்கின்றோம். அரசும் சந்தையும் லூயிஸிடம் வேண்டிநின்றது அக்கை ஒன்றையே. அக்கைக்கு உரிய மனிதர், அவர் குடும்பம், அவர் கடன், அவர் மௌனம் ஆகியவை எவருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆயின் 1935இல் சிக்காகோ வீதிகளில் ஆடிய மக்கள் அக்கையை மட்டும் கண்டவர்களல்லர். தம்மைப் போன்ற ஒருவரை, தம் வயலிலிருந்தும் தம் ஆலையிலிருந்தும் வந்த ஒருவரைக் கண்டனர். வெற்றி எவருடையது என்ற வினாவுக்கு, வரிக் கணக்குப் புத்தகத்திலன்றி, அவ்வீதிகளிலேயே விடை தேடுதல் வேண்டும்.